காற்றைப் பணிகொண்ட ஆசிரியர்

ஐம்பெரும் பூதங்களுள் காற்றும் ஒன்று. அது கண்ணுக்குப் புலனாகாது. கையால் பற்றுதற்கும் இயலாது. மெல்ல வீசுங்கால் தென்றல் எனப் பாராட்டப்பெறும். சீறி எழுங்கால் சூறை எனப் பழிக்கப்பெறும். களத்திலே நெற்பொலி தூற்றுவோர் அதன் வரவை நோக்கிக் காத்திருப்பர். கடலோடிகள் அதனைப் பாயில் தாங்கிக் கலம் செலுத்துவர். இங்ஙனம் தொன்றுதொட்டு மக்கள் காற்றின் உதவியைப் பெற்று வந்தனரேனும், அதனைக் கொண்டு விளக்கேற்றி இருளை ஓட்டலாம் என்பதை நெடுங்காலம் கருதினாரிலர். காற்று விளக்கை அவிக்கும் என்பதே உலகறிந்த செய்தி. அவிக்கும் அக்காற்றையே விளக்கை எரிக்குமாறு ஏவல் கொண்டவர் சிலர். அவருள் தலைசிறந்தவர் பவுல் லா கூர் என்னும் ஆசிரியர் ஆவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் டென்மார்க்கு என்னும் சிறு நாடு உள்ளது. அந்நாட்டார் நமக்குப் புதியவர் அல்லர். 1620 ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடிக் கடற்கரையில் வந்திறங்கி, தஞ்சை மன்னரின் இசைவு பெற்றுக் கோட்டை கட்டி வாணிகம் நடத்தியவர் அவர்களே. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அவர் கையில் இருந்த அவ்வூரை 1845 ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு நீங்கினர். அதற்கு அடுத்த ஆண்டில், 1846 ஏப்ரல் 13 ஆம் நாளன்று, பவுல் லா கூர் அந்நாட்டில் பிறந்தார். ஜட்லாந்து என்னும் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் எபல்டோப்டு என்னும் ஊருக்கு அண்மையில் இருந்த பண்ணை ஒன்றே அவர் பிறந்த இடம். அவருடைய முன்னோர், சமயக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சு நாட்டை விட்டு வெளியேறியவர் வழியினர் ஆவர். அதனாலேயே அவர் பெயர் பிரெஞ்சுப் பெயர் போல ஒலிக்கின்றது.

பண்ணையிலே பிறந்து வளர்ந்தமையால், உழவர் வாழ்வின் இன்பமும் துன்பமும் அவருக்கு இளமையிலேயே நன்கு விளங்கின. கணக்கிலும் இயற்கை நூலிலும் அவருக்கு இருந்த நாட்டம் நாளுக்குநாள் மிகுந்தது. தலைநகராகிய கோப்பனேகனில் உள்ள பல்கலைக்கழகத்திற் பயின்று 1869 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1872 ஆம் ஆண்டில் டென்மார்க்கு அரசினர் வானிலை ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினர். இருபத்தாறே ஆண்டு நிரம்பிய லா கூர் அக்கழகத்தின் துணைத் தலைவராய் அமர்த்தப்பெற்றார். காற்றின் திசையையும் விரைவையும் அளந்து குறிப்பது அங்கு நாள்தோறும் நடைபெறும் பணி. பிற்காலத்தில் காற்றைத் தம் தொழிலாளாகக் கொள்ளவிருந்த அப்பெரியார், முதலில் காற்றின் கணக்கராய் இருந்தமை வியக்கத்தக்கதன்றோ?

அந்நாளில் தந்திமுறை உலகெங்கும் பரவி வந்தது. ஒரு கம்பியின் வழியே ஒரு நேரத்தில் ஒரு செய்தியையே அனுப்ப முடியும் என்னும் குறை அதன்கண் இருந்தது. வெவ்வேறு சுருதியில் அதிரும் இசைக்கவைகளைப் பயன்படுத்தினால், பல செய்திகளை ஒரே கம்பியில் ஒருங்கே அனுப்பலாம் என்று லா கூர் கண்டார். அதன் தொடர்ச்சியாக 1875 ஆம் ஆண்டில் ஒலிச் சக்கரம் என்னும் கருவியையும் அமைத்தார். இசைக்கவையின் அதிர்வினால் விட்டுவிட்டு ஓடும் மின்சாரம், பற்கள் கொண்ட இரும்புச் சக்கரம் ஒன்றை இம்மியும் பிசகாத சீரான விரைவிற் சுழற்றும். இதுவே அக்கருவியின் இயல்பு. தொலைவில் உள்ள இரு பொறிகளை ஒரே காலத்தோடு ஒத்து இயங்கச் செய்வதற்கு இது பெரிதும் பயன்பட்டது. அறிஞர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஆயினும், அமெரிக்க நாட்டில் எலிஷா கிரே என்பவரும் அதே துறையில் உழைத்துக்கொண்டிருந்தார். யார் முந்தியவர் என்னும் வழக்கு எழுந்தது. கண்டுபிடிப்பினால் வரும் பெரும்பொருள், அதனைக் கண்டவர்க்கே சென்று சேரும் என்னும் உறுதி இல்லை என்பதை லா கூர் உணர்ந்தார். அவர் விரும்பியிருந்தால் நகரத்தில் இருந்துகொண்டே புகழையும் பொருளையும் நாடி ஓடியிருக்கலாம். அவரோ அவ்வழியிற் செல்லவில்லை. வானிலைக் கழகத்துப் பதவியைத் துறந்து, 1878 ஆம் ஆண்டில், ஆஸ்கோவ் என்னும் சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியராய்ச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு. உற்றார் சிலர்க்கு இச்செயல் வியப்பை அளித்திருக்கும். ஆனால், அவர் வாழ்வின் பெரும்பணி அச்சிற்றூரிலேயே அவருக்காகக் காத்திருந்தது.

அப்பள்ளியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். டென்மார்க்கு நாட்டில் குருண்ட்விக் என்னும் சான்றோர் ஒருவர் வாழ்ந்தார். கல்வி என்பது தேர்வுக்காக ஏட்டை மனப்பாடம் செய்வதன்று; உழவர் வீட்டு இளைஞரும் தம் நாட்டையும் மொழியையும் உலகையும் அறிந்து தலைநிமிர்ந்து வாழச் செய்வதே கல்வி என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைத் தழுவி மக்கள் உயர்பள்ளிகள் பல தோன்றின. அங்குத் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. இளைஞர் தங்கிப் பயின்று, தம் ஊருக்குத் திரும்பித் தம் தொழிலையே செம்மையாகச் செய்வர். 1864 ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க்கு தோற்றுத் தன் தென்பகுதியை இழந்தது. இழந்த நிலத்தின் எல்லைக்கு அண்மையில், 1865 ஆம் ஆண்டில் ஆஸ்கோவ் பள்ளி நிறுவப்பெற்றது. மண்ணில் இழந்ததை மக்களின் மனத்திலே மீட்க வேண்டும் என்னும் எழுச்சி அந்நாளில் அங்கு நிலவிற்று.

இத்தகைய பள்ளியில் லா கூர் கணக்கும் இயற்பியலும் கற்பித்தார். விதிகளை வெறும் விதிகளாகக் கூறாது, அவை எவ்வெக்காலத்தில் எவரெவரால் எங்ஙனம் காணப்பட்டன என்பதை வரலாறாக எடுத்துரைப்பது அவர் வழக்கம். அவர் பாடத்தைக் கேட்ட உழவர் மக்கள், பண்டை அறிஞரோடு தாமும் உடனிருந்து ஆராய்வது போன்ற உணர்வைப் பெற்றனர். இம்முறையிலேயே கணக்கிற்கும் இயற்பியலுக்கும் அவர் எழுதிய நூல்கள் அந்நாட்டில் நெடுங்காலம் பயிலப்பெற்றன.

பதின்மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அக்காலத்தில் மின்சாரம் என்னும் புத்தாற்றல் நகரங்களில் நுழையத் தொடங்கியது. நிலக்கரியை எரித்து நீராவிப் பொறியை ஓட்டி, அதனால் மின்சாரம் ஆக்கினர். நகரத்துத் தெருக்களில் விளக்குகள் ஒளிர்ந்தன, தொழிற்கூடங்கள் பெருகின. சிற்றூர்களிலோ, மண்ணெண்ணெய் விளக்கும் கையுழைப்புமே எஞ்சின. டென்மார்க்கில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆற்றல் மிக்க மலையருவிகளும் இல்லை. வெளிநாட்டு நிலக்கரியை விலை கொடுத்து வாங்கிச் சிற்றூர்தோறும் பொறி அமைப்பது இயலாத செயல். இந்நிலை நீடித்தால், ஒளியும் தொழிலும் உள்ள நகரங்களை நாடி இளைஞர் சென்றுவிடுவர், சிற்றூர்கள் பாழடையும். தம்மிடம் பயின்ற மாணவர் திரும்பிச் செல்லும் ஊர் என்னாகும் என்னும் கவலை அவ்வாசிரியரை வாட்டியது.

அந்நாட்டில் குறைவின்றிக் கிடைக்கும் பொருள் ஒன்றே ஒன்று உண்டு. அதுவே காற்று. மூன்று புறமும் கடல் சூழ்ந்த சமவெளியாகிய ஜட்லாந்தில் ஆண்டு முழுவதும் காற்று வீசும். மாவு அரைக்கும் காற்றாலைகள் அங்குப் பல நூற்றாண்டுகளாகச் சுழன்று வந்தன. விலையின்றி வரும் இக்காற்றைக் கொண்டு மின்சாரம் ஆக்கினால் என்ன என்று லா கூர் எண்ணினார்.

இவ்வெண்ணம் அவர் ஒருவர்க்கே தோன்றியதன்று. 1887 ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டுப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் என்பார், மேரிகர்க்கு என்னும் ஊரில் உள்ள தம் ஓய்வுக்குடிலின் தோட்டத்தில், துணிப்பாய்கள் கட்டிய காற்றாடி ஒன்றைத் தாமே அமைத்தார். அதனால் சுழன்ற மின்னாக்கப் பொறி, மின்கலங்களை நிரப்பிக் குடிலுக்கு ஒளி தந்தது. எஞ்சிய மின்சாரத்தால் ஊர்த்தெருவிலும் விளக்கிட அவர் முன்வந்தார். ஊராரோ அதனைப் பேயின் வேலை என்று அஞ்சி மறுத்துவிட்டனர். அதே ஆண்டின் பின்பகுதியிலும் அடுத்த ஆண்டிலுமாக, அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் என்னும் செல்வர் 144 மர அலகுகள் கொண்ட மாபெரும் காற்றாடியைத் தம் மாளிகைத் தோட்டத்தில் எழுப்பினார். இவ்விருவரும் காற்றிலிருந்து மின்சாரம் ஆக்கலாம் என்பதை மெய்ப்பித்தனர். ஆனால், ஏழை உழவனும் தன் ஊர்த் தச்சனையும் கொல்லனையும் கொண்டு அமைத்துக்கொள்ளத்தக்க எளிய காற்றாடி எது என்னும் வினா விடையின்றியே இருந்தது. அவ்வினாவிற்கு விடை காண்பதையே லா கூர் தம் கடமையாக மேற்கொண்டார்.

அரசினர் அளித்த பொருளுதவி கொண்டு, 1891 ஆம் ஆண்டில் ஆஸ்கோவ் பள்ளியில் ஆராய்ச்சிக் காற்றாலை ஒன்றை எழுப்பினார். அது பார்வைக்கு மாவாலை போன்றே நான்கு இறக்கைகளுடன் விளங்கியது. ஆனால், அதன் உள்ளே திரிகைக்கல் இல்லை. மின்னாக்கப் பொறியே இருந்தது. ஆலை சுழலத் தொடங்கியவுடன் முதல் இடர் தோன்றிற்று. காற்று ஒருபோதும் ஒரே சீராய் வீசுவதில்லை. ஒரு கணம் தளரும், மறுகணம் பாயும். காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். மாவு அரைக்குங்கால் இவ்வேற்றத்தாழ்வினாற் பெருந்தீங்கு இல்லை; மின்சாரமோ சீராக வாராவிடின் விளக்குகள் மங்கியும் மிகையாக எரிந்தும் கெடும்; பொறியும் பழுதுறும்.

இதனைத் தீர்க்க அவர் அமைத்த கருவிக்குக் கிராட்டோஸ்டாட் என்று பெயர். பெயர் பெரிதாயினும் அமைப்பு எளியது. காற்றாலையின் சுழற்சி, தோற்பட்டையின் வழியே மின்னாக்கப் பொறிக்குச் செல்லும். அப்பட்டை சுற்றிச் செல்லும் கப்பிகளை, ஊசலாடும் சட்டம் ஒன்றிலே பொருத்தி, அச்சட்டத்தில் அளவான எடை ஒன்றைத் தொங்கவிட்டார். காற்று அளவோடு வீசும்வரை பட்டை இறுக்கமாக நின்று பொறியைச் சுழற்றும். காற்று மிகுந்து பட்டையின் இழுப்பு எடையின் அளவைக் கடந்தால், சட்டம் சற்றே எழும். பட்டை தளர்ந்து வழுக்கும். மிகையான விசை பொறியைச் சேராது. கிணற்றுக் கப்பியையும் துலாவின் எடைக்கல்லையும் அறிந்த எவரும் இதன் நுட்பத்தை ஒரு நொடியில் உணர்வர். விலையுயர்ந்த கருவியால் தீர்க்க வேண்டிய சிக்கலை, பட்டையும் கப்பியும் எடைக்கல்லுமே கொண்டு தீர்த்தமை அவர்தம் அறிவின் திறத்தை நன்கு காட்டுகின்றது.

இரண்டாம் இடர் இதனினும் பெரிது. காற்று இல்லாத நாளில் என் செய்வது? பகலில் வீசும் காற்றை இரவுக்குச் சேமிப்பது எங்ஙனம்? அந்நாளில் மின்கலங்கள் பெரு விலையுடையன, விரைவிற் பழுதாவன. ஆதலின் லா கூர் வேறொரு வழியை நாடினார். நீரினுள் மின்சாரத்தைச் செலுத்தினால், நீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரு வாயுக்களாகப் பிரியும். ஹைட்ரஜன் இரு பங்கும் ஆக்சிஜன் ஒரு பங்குமாக வெளிப்படும். இவ்வாயுக்களைத் தொட்டிகளிற் சேர்த்துவைத்து வேண்டும்பொழுது எரிக்கலாம். ஒளி மிகுதற்பொருட்டு, எளிதில் உருகாத பொருள் ஒன்றை அத்தழலில் வைத்து வெண்சுடராய் ஒளிரச் செய்தனர். 1895 ஆம் ஆண்டு முதல் ஆஸ்கோவ் பள்ளியின் அறைகளில் இவ்விளக்குகள் எரிந்தன. வெளியே வீசிய காற்று, உள்ளே மாணவரின் ஏட்டின்மீது ஒளியாய் விழுந்தது.

ஆயினும், ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. அதனொடு ஆக்சிஜன் கலந்துவிட்டால் பொறி ஒன்று பட்டதும் வெடிக்கும். அங்ஙனம் வெடித்துப் பள்ளிக் கட்டடங்களின் பலகணிக் கண்ணாடிகள் உடைந்து சிதறியதும் உண்டு. மற்றொருவராயின் மனந்தளர்ந்து, இம்முயற்சியே வேண்டா என்று கைவிட்டிருப்பர். அவரோ உடைந்த கண்ணாடியை மாற்றினார், பிழையைத் திருத்தினார், பணியைத் தொடர்ந்தார். இவ்வாறு ஏழாண்டுகள் அவ்விளக்குகள் எரிந்தன.

காற்றாலையின் இறக்கைகளைப் பற்றியும் அவர் நுணுகி ஆராய்ந்தார். பழைய ஆலைகளின் இறக்கைகள், தலைமுறை தலைமுறையாகத் தச்சர் கைப்பழக்கத்தால் செய்து வந்தவை. எவ்வளவு அகலம், எத்தனை அலகு, எவ்வளவு சாய்வு இருத்தல் நன்று என்பதை அளந்து கண்டவர் அரியர். லா கூர் 1896 ஆம் ஆண்டளவில் காற்றுக்குழாய் ஒன்றை அமைத்தார். விசிறியால் அதனுள் சீரான காற்றைச் செலுத்தி, அதன் எதிரே சிறு இறக்கைகளை வைத்து, ஒவ்வொன்றும் பெறும் விசையை அளந்தார். வானூர்தி பறப்பதற்கு முன்னரே இவ்வாராய்ச்சி ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நடந்தது என்பதை நினைக்குங்கால் வியப்பு மேலிடுகின்றது.

அவ்வாராய்ச்சியால் அரியதோர் உண்மை வெளிப்பட்டது. அலகுகள் பலவாயின் காற்றை மிகுதியாகப் பிடிக்கும் என்றே மக்கள் கருதியிருந்தனர். உண்மை அதற்கு மாறானது. எண்ணிக்கையிற் குறைந்து, விரைந்து சுழலும் அலகுகளே மின்சாரம் ஆக்குதற்கு ஏற்றவை என அவர் கண்டார். பல அலகுள்ள சக்கரம் மெல்லச் சுழலும். கிணற்று நீரை இறைப்பதற்கு அது தகும். மின்னாக்கப் பொறியோ விரைந்த சுழற்சியை வேண்டுவது. காற்று இறக்கையின் முகத்தைத் தள்ளுவதோடு அமையாது, அதன் முதுகுப்புறத்தில் தோன்றும் இழுப்பும் அதனைச் சுழற்றுகின்றது. ஆதலின் இறக்கையின் வளைவும் சாய்வும் மிக இன்றியமையாதன. இவ்வுண்மைகளைக் கொண்டு 1897 ஆம் ஆண்டில் முன்னதினும் பெரிய காற்றாலை ஒன்றை எழுப்பினார். தாம் கண்டவற்றை மறைத்துவையாது, யாவரும் அறிந்து பயன்கொள்ளுமாறு நூலாகவும் வெளியிட்டார்.

இதனிடையே மின்கலங்கள் திருத்தமுற்று வந்தன. தாம் ஏழாண்டுகள் பாடுபட்டு நிலைநாட்டிய முறை என்பதற்காக, ஹைட்ரஜன் விளக்கையே அவர் பற்றிக்கொண்டிருக்கவில்லை. மின்கலமே எளிது, ஏமமானது என்று தெளிந்தவுடன், 1902 ஆம் ஆண்டில் அதற்கு மாறினார். காற்று தளருங்கால் மின்கலத்தில் உள்ள மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து பொறியைச் சேராதவாறு, தானே திறந்து மூடும் விசை ஒன்றையும் அமைத்தார். காற்று பலநாள் ஓய்ந்திருக்குங் காலத்திற்கு எண்ணெய்ப் பொறி ஒன்றைத் துணையாக வைத்தார். இப்பொழுது ஆஸ்கோவ் ஊரின் வீடுகளும் காற்று தந்த மின்சாரத்தைப் பெற்றன. தம் கண்டுபிடிப்பின்மேல் வைத்த பற்றைக் காட்டிலும், அதனால் மக்கள் அடையும் பயனின்மேல் வைத்த பற்றே பெரிது என்பதை இச்செயலால் அவர் காட்டினார்.

ஓர் ஊர் ஒளி பெற்றதனோடு அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. பொறியை ஊர்தோறும் அமைப்பது யார்? பழுதுற்றால் செப்பனிடுவது யார்? நகரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் வல்லுநரை அழைத்தல் இயலுமோ? எனவே, 1903 ஆம் ஆண்டில் டென்மார்க்குக் காற்று மின்சாரக் கழகம் என்னும் அமைப்பு அவர் முயற்சியால் தோன்றியது. அடுத்த ஆண்டில், நாட்டுப்புற இளைஞரை மின்தொழிலில் பழக்கும் வகுப்பு ஆஸ்கோவில் தொடங்கிற்று. உழவர் மக்களும் கொல்லர் மக்களும் அங்கு வந்து, கம்பி இழுக்கவும் மின்கலம் பேணவும் பொறி பொருத்தவும் கற்றுத் தத்தம் ஊர்க்குத் திரும்பினர். காற்று மின்சாரத்திற்கென ஏடு ஒன்றும் நடத்தப்பெற்றது. காற்றாடியை ஆக்கியதினும், அதனை ஆக்க வல்ல கைகளை ஆக்கியதே அவர் செய்த பெருந்தொண்டு எனலாம்.

1908 ஏப்ரல் 24 ஆம் நாளில், அறுபத்திரண்டாம் வயதில், லா கூர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய மைந்தர் டான் லா கூர் என்பார், தந்தையார் முன்னர்ப் பணிபுரிந்த வானிலைக் கழகத்திற்கே பின்னாளில் தலைவராய் விளங்கினார். லா கூர் மறைந்த பின்னரும் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. முதல் உலகப்போரில் நிலக்கரியும் எண்ணெயும் கிடைத்தற்கு அரியவாயின. அந்நாளில் காற்றாலைகளே நாட்டுப்புறத்திற்குக் கைகொடுத்தன. 1918 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 120 ஊர்ப்புற மின்நிலையங்கள் காற்றினால் இயங்கின.

பின்னர் எண்ணெய் மலிந்தது, நாடெங்கும் மின்கம்பிகள் பரவின, காற்றாடிகள் ஓய்ந்தன. எனினும், ஆசிரியர் இட்ட வித்து மண்ணுள் மறைந்து கிடந்ததேயன்றி மடிந்துபோகவில்லை. 1904 ஆம் ஆண்டு வகுப்பிற் பயின்ற யோஹன்னஸ் யூல் என்னும் மாணவர், தம் முதுமைக் காலத்தில் காற்றாலை ஆராய்ச்சியை மீண்டும் தொடங்கினார். 1957 ஆம் ஆண்டில் கெட்ஸர் என்னும் ஊரில், மூன்று அலகுகள் கொண்ட 200 கிலோவாட் காற்றாலையை அவர் நிறுவினார். அது ஏறக்குறையப் பத்தாண்டுகள் பெரும்பழுதின்றிச் சுழன்றது. 1973 ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி உலகைத் தாக்கியபொழுது, மக்கள் அதனை மீண்டும் நினைவுகூர்ந்தனர். அப்பொழுது ஜட்லாந்தில் கிறிஸ்டியன் ரீசாகர் என்னும் தச்சர் ஒருவர், கெட்ஸர் ஆலையின் அமைப்பைப் பின்பற்றி, மரத்தால் அலகுகள் செதுக்கி, சரக்குந்தின் பற்சக்கரங்களையும் சாதாரண மின்னோடியையும் பொருத்தித் தம் கைப்படவே காற்றாடி ஒன்றை அமைத்தார். வேறு வேலைக்கெனச் செய்த உறுப்புகள் காற்றிலிருந்து மின்சாரம் ஆக்கும் கருவியாய் உயிர்பெற்றன. அவரைக் கண்டு வேறு பல தச்சரும் கொல்லரும் இத்தொழிலில் இறங்கினர். அவர்தம் பட்டறைகளிலிருந்தே அந்நாட்டின் பெரிய காற்றாலைத் தொழில் கிளைத்தது. 2023 ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு காற்றினால் கிடைத்தது.

ஆஸ்கோவில் லா கூர் ஆராய்ந்த ஆலைக் கட்டடம் அவர் பெயரால் அருங்காட்சியகமாகப் போற்றப்படுகின்றது. நம் நாட்டிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே செல்வோர், முப்பந்தலை ஒட்டி வரிசை வரிசையாய்ச் சுழலும் காற்றாலைகளைக் காண்பர். அவற்றுள் மிகப் பல மூன்று அலகுகள் உடையன. டென்மார்க்கு நாட்டு வழிமுறையைத் தழுவியன. ஒருகாலத்தில் காற்றைப் பாயிற் கொண்டு தரங்கம்பாடிக்கு வந்தவரின் நாட்டிலிருந்து, காற்றை மின்சாரமாக்கும் கலையும் பின்னாளில் இங்கு வந்து சேர்ந்தது.

மாணவர்களே! லா கூர் பெருஞ்செல்வர் அல்லர். பேரரசின் துணை பெற்றவரும் அல்லர். சிற்றூர்ப் பள்ளியொன்றின் ஆசிரியராக இருந்தே அவர் இவ்வரும்பணியைச் செய்தார். கையில் இல்லாத நிலக்கரிக்கு ஏங்காது, வாயிலில் வந்து வீசிய காற்றை நோக்கினார். வெடித்தபொழுது அஞ்சவில்லை, தம் வழி பழையதாயிற்று என்று உணர்ந்தபொழுது அதனை விட நாணவும் இல்லை. தாம் கற்றதைப் பிறர் கைகளிலும் வைத்துவிட்டுச் சென்றார். நம் ஊரிலும் ஒருவராலும் விரும்பப்படாமல் மூலையிற் கிடக்கும் சக்கரங்களும் கம்பிகளும் உண்டு. விலையின்றி வீசும் காற்றும் உண்டு. அவற்றை உற்று நோக்கும் கண்ணும், அளந்து பார்க்கும் பொறுமையும், தவறினால் மீண்டும் முயலும் நெஞ்சமுமே வேண்டற்பாலன. அவை வாய்த்தவர்க்குக் காற்றும் ஏவல் செய்யும் என்பதற்குப் பவுல் லா கூரின் வாழ்க்கையே சான்றாகும்.